ஆட்டக்காரர் எந்த நாளில் எங்கே இருந்தார்? என்எஃப்எல் ஒப்பந்தங்களும் மாநில வருமான வரியும்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். அமெரிக்கர்களின் வருமான வரி ரிட்டர்ன்களைத் தயாரித்துக் கொடுக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். இந்த ஆண்டு என்னை விளையாட்டு வீரர்களின் கோப்புகளைக் கவனிக்கும் குழுவில் போட்டிருக்கிறார்கள். கைக்கு வந்த முதல் கோப்பே அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டக்காரர் ஒருவருடையது. வீடு ஃப்ளோரிடாவில் இருக்கிறது; டெக்சாஸ் அணி ஒன்றுக்கு ஆடுகிறார். இரண்டு மாநிலங்களிலும் தனிநபர் வருமான வரி கிடையாது. ஆனாலும் அவருக்காக ஆறு மாநிலங்களில் ரிட்டர்ன் போடச் சொல்கிறார்கள். சம்பளத்தை மாநிலவாரியாகப் பிரித்தவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்காகத் தரும் சைனிங் போனஸை மட்டும் ஏன் பிரிக்காமல் விட்டார்கள் என்பதும் புரியவில்லை. வரியில்லாத மாநிலத்து அணியோடு ஒப்பந்தம் போடுவதுதான் ஆட்டக்காரருக்கு எப்போதும் லாபம் என்கிறார் என் மேலாளர். அது சரிதானா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம். வாடிக்கையாளரின் பெயரையோ அணியின் பெயரையோ கடிதத்தில் குறிப்பிடாமல் கேட்டிருக்கிறீர்கள். வரித் தொழிலில் இருப்பவர் முதலில் பழக வேண்டிய ஒழுக்கம் அது, தொடர்ந்து கடைப்பிடியுங்கள். உங்கள் மூன்று கேள்விகளும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையைப் பார்த்து மாநில வரியைச் சொல்லிவிட முடியாது. அந்தத் தொகை எந்தப் பெயரில் வருகிறது, அதற்கான உழைப்பு எந்த நாளில் எந்த மண்ணில் நடந்தது, அந்த ஆண்டில் ஆட்டக்காரர் சட்டப்படி எந்த மாநிலத்துவாசி என்ற மூன்றும் தெரிந்தால்தான் கணக்கைத் தொடங்கவே முடியும்.

அமெரிக்காவில் மாநிலங்கள் வருமான வரி விதிப்பதற்கு இரண்டு பிடிகள் உண்டு. ஒருவர் தன் மாநிலத்துவாசியாக இருந்தால், அவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அந்த மாநிலம் வரி கேட்கலாம். வெளிமாநிலத்தவராக இருந்தால், தன் எல்லைக்குள் செய்த வேலைக்கான ஊதியத்துக்கு மட்டும் கேட்கலாம். உங்கள் ஆட்டக்காரரை ஃப்ளோரிடா முதல் பிடியிலிருந்து விடுவித்திருக்கிறது. ஆனால் அவர் நியூ ஜெர்சியில் ஓர் ஆட்டம் ஆடினால், அங்கே இருந்த நாள்களுக்கான சம்பளத்தை நியூ ஜெர்சி இரண்டாவது பிடியால் பிடிக்கிறது. இந்தச் சட்டம் எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவானது. இரண்டு நாள் வேலைக்காக வந்து போகும் ஒரு பொறியாளரைத் தேடிப் பிடிக்க மாநிலங்கள் பெரும்பாலும் மெனக்கெடுவதில்லை. ஆட்டக்காரரின் பயண அட்டவணையோ பருவம் தொடங்குவதற்கு மாதக்கணக்கில் முன்பே அச்சாகிவிடுகிறது, சம்பளமும் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. 1991ஆம் ஆண்டு கூடைப்பந்து இறுதித் தொடருக்காக லாஸ் ஏஞ்சலஸ் வந்த சிகாகோ புல்ஸ் வீரர்களிடம் கலிபோர்னியா வரி வசூலித்தது. பதிலுக்கு இல்லினாய் மாநிலமும் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமாகச் சேர்ந்துகொண்டதில் 'ஜாக் டாக்ஸ்', அதாவது விளையாட்டு வீரர் வரி, என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதற்கெனத் தனியாக ஒரு வரி இருப்பதாகப் புதியவர்கள் நினைத்துவிடுவார்கள்; பெரும்பாலான இடங்களில் அது வெளிமாநிலத்தவருக்கான வழக்கமான வருமான வரியேதான்.

அடுத்து, நாள்களை எண்ணும் முறை. என்எஃப்எல் சம்பளத்தைப் பிரிப்பதற்குப் பெரும்பாலான மாநிலங்கள் 'டியூட்டி டேஸ்' எனப்படும் பணிநாள் கணக்கைப் பின்பற்றுகின்றன. ஜூலை இறுதியில் அதிகாரப்பூர்வப் பயிற்சி முகாம் தொடங்கும் நாள் முதல், அணி ஆடும் கடைசி ஆட்டம் வரை அவர் அணிக்காகப் பணியில் இருந்த நாள்கள் எல்லாம் வகுக்கும் எண்ணில் சேரும். ஒரு மாநிலத்துக்குள் ஆட்டம், பயிற்சி, அணிக் கூட்டம் எனப் பணியில் கழிந்த நாள்கள் மேலே வரும். அந்த விகிதத்தைச் சம்பளத்தோடு பெருக்கினால் அந்த மாநிலத்தின் பங்கு கிடைக்கும். ஆட்டமோ பயிற்சியோ இல்லாமல் பயணத்திலேயே கழிந்த நாள் மொத்தத்தில் சேரும். வெளிமாநிலம் எதன் கணக்கிலும் சேராது. காயப்பட்டோர் பட்டியலில் இருந்துகொண்டு, அணியின் வளாகத்தில் சிகிச்சைப் பயிற்சி எதுவும் செய்யாமல் இருந்த நாள்களுக்கும் நியூயார்க்கின் விதி இதையே சொல்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டெக்சாஸ் அணி வீரர் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 1 கோடி டாலர் என்றும், மொத்தப் பணிநாள்கள் 160 என்றும் வைத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தில் கலிபோர்னியாவில் அவருக்கு இரண்டு ஆட்டங்கள். சனிக்கிழமை போய் இறங்கி மாலையில் அணிக் கூட்டம், ஞாயிறு ஆட்டம், இரவே திரும்புதல் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள்கள். 160இல் 4 என்பது 2.5 சதவீதம், ஆகவே 2,50,000 டாலர் கலிபோர்னியாவில் ஈட்டியதாகிறது. இந்த 2,50,000 டாலர்தான் அவருடைய மொத்த வருமானம் என்பதுபோல் கீழ்ப்படி விகிதத்தைப் போட்டுவிடாதீர்கள். புதிதாக வருபவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கலிபோர்னியா, முழு 1 கோடிக்கும் தன் விகிதப்படி எவ்வளவு வரி வரும் என்று முதலில் கணக்கிட்டு, அதில் 2.5 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். அந்த மாநிலத்தின் உச்ச விகிதம் 10 லட்சம் டாலருக்கு மேல் 13.3 சதவீதம். இந்த வீரர் நான்கு நாள்களுக்குக் கட்ட வேண்டியது ஏறத்தாழ 32,000 டாலர்.

டெக்சாஸ் அணி என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாநிலத்தில் இரண்டு அணிகள் உண்டு. எந்த அணி என்பதும் வரியை மாற்றும். டாலஸ் கௌபாய்ஸ் தன் பிரிவில் ஆண்டுதோறும் தவறாமல் போய் ஆட வேண்டிய மூன்று ஊர்கள் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டு, பென்சில்வேனியாவின் ஃபிலடெல்ஃபியா, மேரிலாந்தின் லாண்டோவர். மூன்று மாநிலங்களும் வரி விதிப்பவை; ஃபிலடெல்ஃபியா நகரம் தன் பங்குக்குத் தனியாக ஊதிய வரியும் பிடிக்கும். ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியின் பிரிவிலோ ஜாக்சன்வில், நாஷ்வில் இரண்டும் வரியில்லாத மாநிலங்களின் ஊர்கள். மூன்றாவதான இண்டியானாபொலிஸ் இருக்கும் இண்டியானாவின் விகிதம் சுமார் 3 சதவீதம்தான். ஒரே மாநிலம், ஒரே சம்பளம் என்றிருந்தும் இரண்டு வீரர்களின் ரிட்டர்ன்கள் வேறாக இருப்பது இதனால்தான்.

அணியின் பெயரைப் பார்த்து மாநிலத்தை முடிவு செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நியூயார்க் பெயரைத் தாங்கிய ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் இரண்டு அணிகளும் ஆடுவது நியூ ஜெர்சியில். நியூயார்க் மாநில எல்லைக்குள் ஆடும் ஒரே என்எஃப்எல் அணி பஃபலோ பில்ஸ். வாஷிங்டன் கமாண்டர்ஸ் வீரர்கள் ஆடுவது மேரிலாந்தில். வாரம் முழுவதும் பயிற்சி செய்வது வர்ஜீனியாவின் ஆஷ்பர்னில். ஆகவே அவர்களுடைய பணிநாள்களில் பெரும்பங்கு வர்ஜீனியாவுக்குப் போகும்.

பணிநாள் கணக்கை நீதிமன்றம் நிலைநிறுத்திய கதையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் கோப்பிலும் அதே சிக்கல் எழலாம். கிளீவ்லாந்து நகரம் ஒரு காலத்தில் பணிநாள்களை விட்டுவிட்டு ஆட்டங்களை எண்ணியது. சிகாகோ பேர்ஸ் அணியின் ஹண்டர் ஹில்லன்மேயர் 2004இல் அங்கே ஓர் ஆட்டம் ஆடினார். முன்னோட்ட ஆட்டங்களையும் சேர்த்து 20 ஆட்டங்களில் ஒன்று என்று சொல்லி, அவருடைய ஆண்டு ஊதியத்தில் 5 சதவீதத்துக்கு நகரம் வரி கேட்டது. பணிநாள் கணக்குப்படி அவர் அங்கே இருந்தது 157 நாள்களில் 2 நாள்கள், சுமார் 1.27 சதவீதம். ஓர் ஆட்டக்காரருக்கு ஆட்டத்தன்று மட்டும் சம்பளம் தருவதில்லை. பயிற்சி, கூட்டம், ஒளிப்பதிவு பார்த்துத் தயாராவது என எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் தருகிறார்கள். ஒஹையோ உச்ச நீதிமன்றம் 2015இல் ஹில்லன்மேயரின் பக்கம் தீர்ப்பளித்தது. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் ஜெஃப் சாட்டர்டே தொடுத்த வழக்கிலும் அதே நாளில் தீர்ப்பு வந்தது. 2008இல் அணி கிளீவ்லாந்து போனபோது அவர் காயத்தோடு இண்டியானாபொலிஸிலேயே தங்கிச் சிகிச்சைப் பயிற்சியில் இருந்தார். கால் வைக்காத ஊருக்கு வரி பிடித்திருந்தார்கள். அதுவும் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. வெளியூர் வீரர்களை மட்டும் குறிவைத்த இன்னொரு ஏற்பாடு பிட்ஸ்பர்க் நகரத்தின் 3 சதவீத அரங்கப் பயன்பாட்டுக் கட்டணம். அதையும் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. உங்கள் வாடிக்கையாளர் முந்தைய ஆண்டுகளில் அதைக் கட்டியிருந்தால், திரும்பக் கேட்பதற்கான காலக்கெடு எது என்பதை மேலாளரிடம் எழுப்புங்கள்.

இப்போது உங்கள் மேசையில் இருக்கும் டபிள்யூ-2 படிவத்துக்கு, அதாவது ஊதியத்தையும் பிடித்த வரியையும் காட்டி அணி தரும் ஆண்டுப் படிவத்துக்கு, வருவோம். 15, 16, 17 என்று எண்ணிட்ட பெட்டிகளில் மாநிலத்தின் பெயர், அந்த மாநிலத்துக்குரிய ஊதியம், பிடித்த வரி என்ற மூன்றும் இருக்கும். ஒரு படிவத்தில் இரண்டு மாநிலங்களுக்கு மட்டுமே இடம் உண்டு என்பதால் ஆட்டக்காரரின் டபிள்யூ-2 பல தாள்களாக வரும். எல்லாத் தாள்களிலும் உள்ள 16ஆம் பெட்டிகளைக் கூட்டினால் முதல் பெட்டியில் உள்ள மொத்த ஊதியம் வராது. மிச்சம் டெக்சாஸில் உழைத்தது, அதற்குத் தாள் வேண்டியதில்லை. இந்த எண்களை அப்படியே ரிட்டர்னில் ஏற்றிவிடுவதுதான் எளிது, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நீங்கள் செய்யாதீர்கள். வீரர்கள் எல்லாரும் எல்லாப் பயணத்திலும் போனார்கள் என்று வைத்து அணியின் சம்பளப் பிரிவு பிரித்திருக்கக்கூடும். உங்கள் வாடிக்கையாளர் அக்டோபரில் மூன்று வாரம் முழங்கால் காயத்தோடு வீட்டில் இருந்திருந்தால், அந்த வாரங்களில் அணி போன மாநிலத்தின் தாள் தவறானது. திருத்துவதற்கு அணியின் கடிதம் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதற்கு உங்களிடம் நாள்வாரியான அட்டவணை வேண்டும்.

அடுத்து சைனிங் போனஸ். என் அனுபவத்தில் மாநில வரியில் பெரும் பணம் நகரும் இடம் இதுதான். வாராந்தரச் சம்பளம் உழைப்புக்கானது. அதனால் உழைத்த இடத்தைத் தேடி வரி போகிறது. கையெழுத்திட்டதற்காகவே கொடுக்கும் தொகை எந்த நாளின் உழைப்போடும் ஒட்டவில்லை என்றால், அதைப் பணிநாள்களால் பிரிக்க வழியில்லை. அதைப் பெறும்போது அவர் எந்த மாநிலத்துவாசியோ அந்த மாநிலத்துக்கு மட்டுமே அதன் மேல் உரிமை. நியூயார்க் உட்படப் பல மாநிலங்கள் இதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கின்றன. அணியில் இடம்பிடிப்பதையோ பின்னர் ஆடுவதையோ நிபந்தனையாக வைத்து அந்தத் தொகை தரப்படக்கூடாது. சம்பளத்திலிருந்தும் மற்றத் தொகைகளிலிருந்தும் தனியாகத் தரப்பட வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டாததாக இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் பிரிக்க வேண்டியதில்லை. உங்கள் வாடிக்கையாளர் ஃப்ளோரிடாவாசி என்பதால் அந்தத் தொகைக்கு மாநில வரி எங்கும் இல்லை. உங்கள் குழுவினர் பிரிக்காமல் விட்டதன் காரணம் இது.

தொகையின் அளவைப் பார்த்தால்தான் இதன் கனம் விளங்கும். பஃபலோ வீரர் ஒருவருக்கு ஓராண்டில் 2 கோடி டாலர் வருகிறது; மொத்தப் பணிநாள்கள் 160, அதில் நியூயார்க் மாநிலத்துக்குள் 140 என்று கொள்வோம். இந்த அளவு வருமானத்துக்கு நியூயார்க்கின் விகிதம் 10.3 சதவீதம், கீழ்ப்படிகளின் சலுகையை மேலே போனவர்களிடம் திரும்ப வாங்கிக்கொள்ளும் முறை அங்கே இருப்பதால், முழுத் தொகைக்கும் 10.3 என்றே வைத்துக் கணக்கிடலாம். அவர் நியூயார்க்வாசியாக இருந்தால் மாநில வரி 20,60,000 டாலர். மற்ற மாநிலங்களுக்குக் கட்டியதை அதில் வரவாகக் கழித்துக்கொள்வார். அவரே ஃப்ளோரிடாவாசியாக இருந்து, 2 கோடியும் வாராந்தரச் சம்பளமாகவே வந்தால், நியூயார்க்குக்கு 18,02,500 டாலர். வித்தியாசம் இரண்டரை லட்சத்துச் சொச்சம். மற்ற மாநிலங்களின் வரியை இப்போது வரவு இல்லாமல் கட்ட வேண்டியிருப்பதால் உண்மையில் மிஞ்சுவது அதைவிடக் குறைவு. ஃப்ளோரிடாவில் வீடு வாங்கியதற்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதே 2 கோடியில் 1.2 கோடி சைனிங் போனஸாகவும் 80 லட்சம் சம்பளமாகவும் எழுதப்பட்டால், நியூயார்க் பிடிக்கக்கூடியது 70 லட்சத்துக்கான 7,21,000 டாலர் மட்டுமே. மொத்தத் தொகை மாறவில்லை, அணியும் மாறவில்லை; பத்து லட்சம் டாலருக்கு மேல் ஆட்டக்காரரிடமே தங்குகிறது. ஒப்பந்தம் பேசும் மேசையில் வரித் தொழிலர் ஒருவரும் உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். கையெழுத்தான பிறகு எங்களிடம் வந்தால், நடந்ததைக் கணக்கெழுதுவதைத் தவிர நாங்கள் செய்யக்கூடியது சொற்பம்.

ஆனால் இந்த வாசலில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, 'திருப்பிக் கொடுக்க வேண்டாதது' என்ற நிபந்தனை. ஆட்டக்காரர் சங்கத்துக்கும் அணிகளுக்கும் இடையிலான கூட்டுப் பேர ஒப்பந்தம், வீரர் தானாக ஓய்வு பெற்றாலோ முகாமுக்கு வர மறுத்தாலோ சைனிங் போனஸின் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்க அணிக்கு இடம் கொடுக்கிறது. டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் பேரி சாண்டர்ஸ் 1999இல் திடீரென ஓய்வு அறிவித்தபோது, வாங்கிய போனஸில் ஒரு பங்கைத் திருப்பித் தரும்படி நடுவர் ஆணையிட்டார். இப்படிப்பட்ட பிரிவு இருக்கும்போது அந்தத் தொகை உண்மையில் திரும்பாத தொகைதானா என்று தணிக்கையாளர் கேட்கலாம். பதில் ஒப்பந்தத்தின் வாசகத்தில்தான் இருக்கிறது. போனஸ் பிரிவை முழுதும் படிக்காமல் 'பிரிக்க வேண்டாம்' என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது.

இன்னொன்று குடியிருப்பு. ஃப்ளோரிடாவில் வீடும் ஓட்டுநர் உரிமமும் இருந்துவிட்டால் போதும் என்று ஆட்டக்காரர்கள் நம்புகிறார்கள். நியூயார்க் சட்டப்படி, வெளிமாநிலத்தைத் தாயகமாகக் கொண்டவர்கூட, அங்கே நிரந்தரத் தங்குமிடம் ஒன்றை ஆண்டின் பெரும்பகுதி வைத்திருந்து, 183 நாள்களுக்கு மேல் அந்த மாநிலத்தில் இருந்தால் மாநிலவாசியாகவே கருதப்படுவார். ஒரு நாளின் சிறு பகுதி இருந்தாலும் பொதுவாக முழு நாளாக எண்ணுவார்கள். மேலே சொன்ன பஃபலோ வீரருக்குப் பருவத்திலேயே 140 நாள்கள் ஆகிவிட்டன. ஆர்ச்சர்டு பார்க்கில் அரங்கத்துக்கு அருகில் ஆண்டு முழுவதற்கும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, ஏப்ரல் முதல் ஜூன் வரை நடக்கும் பருவத்துக்கு முந்தைய பயிற்சிகளுக்கும் வந்து இரண்டு மாதம் தங்கினால் அவர் கோட்டைத் தாண்டிவிடுவார். தாண்டிய கணத்தில் போனஸ் உட்பட எல்லாமே நியூயார்க்கின் பிடிக்குள் வந்துவிடும். இதற்கு எதிர்த் திசையிலும் சிக்குவோர் உண்டு. லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் 2020இல் வரியில்லாத நெவாடாவுக்கு வந்த அணி. அதன் வீரர் ஒருவர் மனைவி மக்களையும் வீட்டையும் லாஸ் ஏஞ்சலஸில் வைத்துக்கொண்டு, ஓய்வுக் காலத்தையெல்லாம் அங்கேயே கழித்தால், கலிபோர்னியா அவரைத் தன்வாசி என்று சொல்லி நெவாடாவில் உழைத்த சம்பளத்துக்கும் வரி கேட்கும். நெவாடாவுக்கு வரி கட்டவில்லை என்பதால் அந்தப் பங்குக்கு வரவாகக் கழிக்கவும் ஒன்றும் இருக்காது.

உங்கள் மேலாளரின் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. என்எஃப்எல் வீரர்களில் ஜோ பர்ரோ 2023இலும், டிரெவர் லாரன்ஸ், ஜோர்டன் லவ் இருவரும் 2024இலும், ஜோஷ் ஆலன் 2025இலும் போட்ட ஒப்பந்தங்கள் நான்குக்கும் ஆண்டுச் சராசரி ஒன்றேதான்: 5.5 கோடி டாலர். பர்ரோவின் ஒஹையோவில் மாநிலத்தின் உச்ச விகிதம் 3.5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, மேலே சின்சினாட்டி நகரம் 1.8 சதவீதம் எடுக்கும். லாரன்ஸின் ஃப்ளோரிடாவில் ஒன்றுமில்லை. லவ் ஆடும் விஸ்கான்சினில் 7.65. ஆலன் ஆடும் நியூயார்க்கில் உச்சம் 10.9. செய்திகளில் நால்வரும் சமம். கையில் வருவதில் சமமில்லை. ஒரு காலத்தில் மாநில வரியைக் கூட்டரசு ரிட்டர்னில் கழித்துக்கொள்ள முடிந்ததால் இந்த வலி ஓரளவு ஆறியது. 2018 முதல் அந்தக் கழிவுக்கு 10,000 டாலர் உச்சவரம்பு வந்தது. 2025இன் சட்டம் அதை 40,000 ஆக உயர்த்தினாலும் பெருவருமானக்காரர்களுக்கு மறுபடி 10,000க்கே இறங்கிவிடும். ஆகவே இன்றைய ஆட்டக்காரர் மாநில வரியை ஏறக்குறைய முழுதாகத் தன் கையிலிருந்தே கட்டுகிறார். டைரீக் ஹில் 2022இல் கான்சஸ் சிட்டியிலிருந்து மாற்றப்பட்டபோது ஜெட்ஸ், மயாமி என்ற இரண்டு வழிகள் இருந்தன. மயாமியைத் தேர்ந்ததில் மாநில வரிக்குப் பெரும்பங்கு இருந்தது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அணிகளுக்கும் இது தெரியும். ஓர் அணி தன் வீரர்கள் எல்லாருக்குமாகச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பு 2025இல் 32 அணிகளுக்கும் ஒன்றாக 27.92 கோடி டாலர்; வரி மிகுந்த மாநிலத்து அணிக்கு அதில் ஒரு டாலர்கூடக் கூடுதல் கிடையாது. அந்த அணிகளின் முறையீட்டில் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து.

'எப்போதும்' என்ற சொல்லைத்தான் நான் ஏற்க மாட்டேன். முதலாவதாக, பெரும்பாலோருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுக்கப்பட்ட இளைஞர் எடுத்த அணிக்குத்தான் ஆட வேண்டும். 2011 முதல் அவருடைய சம்பளத்தின் அளவும் எடுக்கப்பட்ட வரிசையை ஒட்டியே அமைந்துவிடுகிறது. தேர்வு என்பது ஒப்பந்தம் முடிந்து எந்த அணியோடும் பேசக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்வரை தாக்குப்பிடிப்பவர்களுக்குக் கிடைப்பது. இரண்டாவது, என்எஃப்எல் ஒப்பந்தங்களில் உத்தரவாதமில்லாத பகுதி பெரியது. அணி நினைத்தால் நடுவில் விடுவித்துவிடலாம். மூன்றாண்டுக்கு 3 கோடி டாலர் என்று ஒரு டெக்சாஸ் அணியும் ஒரு நியூ ஜெர்சி அணியும் பேசுகின்றன என்று வையுங்கள். டெக்சாஸ் அணி உத்தரவாதம் தருவது 1 கோடி, நியூ ஜெர்சி அணி தருவது 2 கோடி. முதல் ஆண்டோடு விடுவிக்கப்பட்டால் டெக்சாஸில் அவர் பெற்றது 1 கோடி. நியூ ஜெர்சியின் உச்ச விகிதமான 10.75ஐ முழுத் தொகைக்கும் போட்டாலும் அங்கே மிஞ்சுவது 1.785 கோடி. சராசரி விளையாட்டு வாழ்க்கை சில ஆண்டுகளே நீடிக்கும் தொழிலில், வராமல் போகக்கூடிய பணத்தின் வரியைச் சேமிக்க வரப்போகும் பணத்தை விடக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் உங்கள் மேலாளரிடம் சொல்லலாம். 2016 பிப்ரவரியில் என்எஃப்எல் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் 50 கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்தது. வென்ற அணி வீரருக்கு 1,02,000 டாலர், தோற்றவருக்கு 51,000. அணிகள் ஒரு வாரம் முன்பே அங்கே போய்விட்டன. கலிபோர்னியா பிரித்தெடுப்பது பரிசுத் தொகையை மட்டுமல்ல, அந்த ஆண்டின் பணி ஊதியம் முழுவதையும். 200 பணிநாள்களில் 7 நாள் அங்கே இருந்த 1 கோடி டாலர் சம்பளக்காரருக்கு 3,50,000 டாலர் கலிபோர்னியாவின் பங்காகி, சுமார் 45,000 டாலர் வரி விழும். தோற்ற அணியில் இருந்தால் பரிசில் ஏறக்குறைய எல்லாமே அதற்குப் போய்விடும். வீடு எந்த வரியில்லா மாநிலத்தில் இருந்தாலும் இது மாறாது.

பெரும் ஒப்பந்தக்காரர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அக்கறை அதிகம் உள்ளது பட்டியலின் அடியில் இருப்பவர்கள் மேல்தான். 2025இல் புதிதாக வந்த வீரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் முழுப் பருவத்துக்கு 8,40,000 டாலர். அது வாரக் கணக்கில் வருவது, மூன்றாம் வாரம் விடுவிக்கப்பட்டால் 18இல் 3 பங்குதான். ஆடும் பட்டியலில் இல்லாமல் பயிற்சிக்கென வைத்திருக்கும் பயிற்சிக் குழுவில் இருப்பவருக்கு வாரத்துக்கு சுமார் 13,000 டாலர். இவர்களில் பலர் ஒரே பருவத்தில் இரண்டு மூன்று அணிகளுக்கு மாறுகிறார்கள். மாறிய ஒவ்வொரு மாநிலத்திலும் ரிட்டர்ன், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். ஏஜென்டுக்குக் கொடுக்கும் 3 சதவீதம் வரையிலான தரகுத் தொகையைக் கூட்டரசு வரியில் கழிக்கும் வசதியும் 2018க்குப் பிறகு இல்லை. பயிற்சிக் குழுவினர் பலர் வெளியூர் ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லப்படுவதே இல்லை. ஆனாலும் டபிள்யூ-2இல் அந்த மாநிலங்கள் ஏறியிருப்பதைக் காணலாம். கோடிகள் வாங்குபவருக்கு 2,000 டாலர் தவறு பெரிதாகத் தெரியாது. அடுத்த வாரம் வேலை இருக்குமா என்று தெரியாத இருபத்துமூன்று வயது இளைஞருக்கு அது ஒரு மாத வாடகை. அவர் கோப்பு உங்களிடம் வரும்போது அதே கவனத்தோடு பாருங்கள்.

உங்கள் கையில் இருக்கும் கோப்புக்கு, ரிட்டர்னைத் தொடங்குவதற்கு முன் நான்கு ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். அணியின் பயணப் பதிவோடு கூடிய நாள்வாரியான அட்டவணை. காயப்பட்டோர் பட்டியலில் அவர் ஏறிய, இறங்கிய தேதிகளும் அந்த நாள்களில் சிகிச்சை எடுத்த இடமும். சைனிங் போனஸ் பிரிவும் அதைத் திரும்பப் பெறும் பிரிவும் அடங்கிய ஒப்பந்த நகல். ஃப்ளோரிடா வீட்டின் பத்திரமும், அவர் வேறு எந்த மாநிலத்திலாவது எடுத்திருக்கும் வாடகை ஒப்பந்தமும். ஆறு மாநிலங்கள் என்ற எண்ணிக்கை சரியா என்பதை டபிள்யூ-2இலிருந்து எடுக்காமல் முதல் ஆவணத்திலிருந்து நீங்களே எண்ணிப் பாருங்கள். போனஸைப் பிரிக்காததற்கான காரணத்தை, நிபந்தனை மூன்றும் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவால் நிறைவேறுகின்றன என்று குறிப்பிட்டு, ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கோப்பில் வையுங்கள். மாநிலத் தணிக்கைக் கடிதம் பெரும்பாலும் சில ஆண்டுகள் கழித்துத்தான் வரும். அப்போது அந்தக் கோப்பைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.